எவ்வளவு தண்ணி

கல்முனைச் சந்தையில் இரண்டு பொன்மீன் வாங்கினேன்.
கட்டைவிரல் நீளம்.
ஒன்றுக்கு வால் மட்டும் வெள்ளை.
உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றையும்
விற்ற பொடியன் என் தலையில் கட்டினான்.

மூன்றாம் நாள் தண்ணீர் மங்கியது.
மீன்கள் மேலே வந்து
காற்றைக் கொத்தின.

கண்ணாடி வெட்டும் நிஸ்தாரிடம் போனேன்.
கிண்ணத்தை அவர் தொடவே இல்லை.
உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.
"இந்தளவுக்கு வரும் தம்பி.
மீன் வளரும், கண்ணாடி வளராது.
உசரமா எடுக்காதீங்க, நீளமா எடுங்க.
தண்ணி மூச்சு விடுறது முகத்தால.
மறுகா, இந்தச் சாதிக்கு வயிறு கெதியாக் கழியும்.
சின்னத் தொட்டியெண்டா
தன்ட அழுக்கத் தானே குடிச்சிக் கிடக்கும்."

யாருடையதோ கலியாண அழைப்பிதழின் முதுகில்
கணக்கு எழுதினார்:
மூன்றடி நீளம், ஒன்றேகாலடி அகலம், ஒன்றரையடி உயரம்.
எட்டு மில்லிமீற்றர்க் கண்ணாடி.
நூற்றி அறுபது லீற்றருக்குச் சற்றுக் குறைவு.

வீட்டில் அளவுநாடாவை விரித்தேன்.
தையல் மெசினுக்கும் சன்னலுக்கும் நடுவே
மூன்றடி இரண்டங்குலம்.
இடம் இருக்கிறது என்றேன்.

"எவ்வளவு தண்ணி?" என்றாள் ஜெயவதனி.
சொன்னேன்.
"வீட்டுக்குள்ளயா?"

நான் செங்கலடிக்காரன்.
அந்த மார்கழி ஞாயிறு
எனக்கு வானொலியில் வந்தது.
இதே பாண்டிருப்பில் அவளுக்கு
முன்கதவால் வந்தது.
பதினொரு வயது அப்போது.
இத்தனை ஆண்டில் அவள் எனக்குச் சொன்னது ஒரு வரி:
"முதல்ல செருப்புகளத்தான் எடுத்துது."
இன்றும் குளியலறை வாளியைப்
பாதிக்கு மேல் நிரப்பமாட்டாள்.

வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது.
ஆகவே முடிவும் அவளுடையது.

ஒரு அடி என்றாள். மூன்று என்றேன்.
ஒன்றரை. இரண்டே முக்கால்.
பாரைக்குட்டிக்குப் பேரம் பேசுவதுபோல்
பத்து நாள் போனது.
மீன்கள் மாவு பிசையும் பேசினுக்குள் இருந்தன.
ரொட்டி இல்லாத பத்து நாள்.

பதினோராம் இரவு
முன்னறையில் வெளிச்சம்.
நிலத்தில் குந்தியிருந்தாள்,
கூட்டுறவுச் சங்கத்துப் பேரேட்டுக்குக் குனிவதுபோலவே குனிந்து.
கையில் பென்சிலும் என் அளவுநாடாவும்.

"அறை பத்துக்கு எட்டு," என்றாள்.
"தொட்டி வெடிச்சிக் கொட்டினா
எவ்வளவு ஏறும் எண்டு பார்த்தன்."
சுவரின் அடியில் ஒரு கோடு.
நிலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்கும் கீழே.
தன் பாதத்தை அதனருகில் வைத்துப் பார்த்தாள்.
விரல் நகம் நனையும்.
அவ்வளவுதான்.

நான் வாய் திறக்கவில்லை.
திறந்திருந்தால்
ஏதாவது ஆறுதல் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

அவள் அந்தக் கோட்டுக்கு மேலே
இன்னொன்று கீறினாள்.
"நாலடி எடுத்தா
ஒரு அங்குலமும் சொச்சமும்தான்.
நாலடிக்கே சொல்லுங்க."

தையல் மெசின் படுக்கையறைக்குப் போனது.
நிஸ்தாரும் இன்னும் மூன்று பேரும்
கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
தொட்டியைத் தூக்கி வந்தார்கள்.
பசை காய ஒரு கிழமை விட்டோம்.

குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை போகவேண்டும்.
அயலில் இரவல் வாங்கியதும் சேர்த்துப்
பதினாறு வாளி
குசினியில் ஓர் இரவு நின்றன.
விளிம்பு வரை.
நிரப்பியது அவள்தான்.

விடிந்ததும் செம்பால் அள்ளி ஊற்றினாள்.
எண்ணிக்கொண்டே ஊற்றினாள்,
நூற்றி நாற்பதில் எண்ணிக்கை தவறி
சிரித்துவிட்டாள்.

மீன்களை விட்டோம்.
முதலில் ஒரு மூலையில்
பேசினளவு வட்டத்திலேயே சுற்றின.
பிறகு வெள்ளை வால்காரன்
நேராகப் போனான்,
போய்க்கொண்டே இருந்தான்.

கோடுகள் இரண்டும் தொட்டி நிற்கும் மேசைக்குப் பின்னால்.
படுக்கப் போகுமுன்
சுவிச்சை அணைத்தாள்,
வாசலுக்குப் போனாள்,
எங்கள் செருப்புகளை எடுத்து
ஒரு தட்டு மேலே வைத்தாள்.